தண்டனைப் பெட்டியில் பெய்த பனி

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தின் வடகோடியில், பைன் நேரோஸ் கல்லூரியின் ஐஸ் ஹாக்கி அரங்கில் ஒரு வருடம் கூரைக்குக் கீழே பனி பெய்யத் தொடங்கியது. அதுவும் தவறு செய்தவர்களை உட்கார வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும். பராமரிப்பு ஊழியர் பக்கத்தில் ஒரு மண்வாரியைச் சாய்த்து வைத்தார். விஷயம் அதோடு முடிந்தது.

பெட்டியில் எப்போதும் உட்கார்ந்தவன் ஆர்வோ கிவேலா. அவன் ஒரு தவறும் செய்ததில்லை. செய்தவன் கோல்கீப்பர் பிராக் டோலெஃப்சன். கிட்டே வருபவன் கணுக்காலில் மட்டையால் ஒரு போடு போடாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் கோல்கீப்பருக்கு விழும் தண்டனையை அணியில் இன்னொருவன் உட்கார்ந்து கழிப்பது இந்த ஆட்டத்தின் வழக்கம். நன்னடத்தை விருதுக் குழுவினரோ, பெட்டிக்குள் போவது யார் என்று மட்டும் பார்க்கத் தெரிந்த மேதைகள். டோலெஃப்சனை உத்தமன் என்றார்கள். கிவேலாவை ரவுடி என்றார்கள்.

மூன்று வருடங்களில் கிவேலா ஆடியதைவிடத் தலையில் விழுந்த பனியைத் தட்டியதே அதிகம். அவனுடைய கடைசி ஆட்டத்துக்கு அம்மா ரீட்டா தொலைவிலிருந்து கார் ஓட்டி வந்தாள், மகன் ஆடுவதை ஒரு தடவையாவது பார்த்துவிட. ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் டோலெஃப்சன் மட்டையை வீசினான். விசில்.

"டேய் கிவேலா, உள்ள போடா," என்றார் பயிற்சியாளர் டன்லீவி.

"இன்னைக்கு முடியாது கோச். அம்மா வந்திருக்காங்க."

டோலெஃப்சன் முகக்கவசத்துக்குள் சிரித்தான். "அங்க உக்காந்தா உங்கம்மாவுக்கு இன்னும் பளிச்சுன்னு தெரிவடா. கண்ணாடிதானே!"

"அப்ப நீ போய்ப் பளிச்சுன்னு தெரி. அடிச்சவன் நீதானே?"

பெட்டியில் பனி இடுப்பளவு. மற்ற வீரர்கள் திடீரென்று ஷூ கயிற்றைச் சரிசெய்யக் குனிந்தார்கள். யாரும் உட்காராவிட்டால் வெற்றி எதிரணிக்கு என்றார் நடுவர். டோலெஃப்சன் கெட்ட வார்த்தைகளோடும் பெரிய கால் கவசங்களோடும் உள்ளே நுழைந்தான். பனி கழுத்துவரை ஏறியது. கதவு உறைந்தது. தண்டனை நேரம் முடிந்தும் திறக்கவில்லை. அடுத்த வாரமும் திறக்கவில்லை.

கிவேலா ஆடினான். பலமுறை விழுந்தான். அணி கேவலமாகத் தோற்றது. ரீட்டா தொண்டை கிழியக் கத்திக் கை தட்டினாள்.

விருது விழாவைக் குழு பெட்டிக்கு முன்னாலேயே நடத்தியது. தலைவர் கோப்பையைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். அதன்பின் டோலெஃப்சன் யார் கணுக்காலையும் தொட்டதில்லை என்பதால் வருடா வருடம் விருது அவனுக்கே போகிறது. சிறு துவாரம் வழியாக ஊழியர் தினமும் ஹாட் டாக் கொடுக்கிறார். உள்ளேயிருந்து வரும் வசவுகளை நன்றியுரை என்று எடுத்துக்கொண்டு குழு கை தட்டுகிறது.