பண்ணை வேலை

டார்லா கயிற்றை அவிழ்த்து, அப்பாவின் நான்கு சக்கரக் காட்டுவண்டியின் பின்தட்டிலிருந்து வைக்கோல் கட்டை இழுத்துக் கீழே தள்ளினாள். பல மழையும் பனியும் குடித்துக் கறுத்துப்போன கட்டு. விழுந்தபோது சத்தமில்லை. புழுங்கிய நாற்றம் மட்டும் எழுந்தது.

"அத ஏங்க்கா எறக்குற?"

தம்பி க்ளென் வாசல்படியில் நின்றான். கறுப்புக் கோட்டுக்கு மேல் ஆரஞ்சு மேலாடை போட்டிருந்தான். மான் வேட்டைக் காலம்; மான் என்று நினைத்து யாராவது சுட்டுவிடக் கூடாது. சாவே ஆனாலும் ஆரஞ்சு போடாமல் காட்டுச் சாலையில் யாரும் இறங்குவதில்லை.

"பெட்டிதான் இருக்கே. கட்டு எதுக்கு?" என்றாள்.

"பாலத்துகிட்ட ட்ராவிஸ் நிக்கிறான். போலீஸ் வண்டியப் பாத்துட்டுத்தான் வர்றேன். கட்டு இருந்தா ஒண்ணும் சொல்லமாட்டான். இல்லன்னா அவனுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்."

"நமக்கு என்னடா சங்கடம்?"

"அக்கா, நான் சொல்லி வந்த கறுப்புச் சவவண்டி வாசல்ல சும்மா நிக்குது. அதுல ஏத்துவோம்னேன், மாட்டேன்னுட்ட. சரின்னுட்டேன். இந்த ஒண்ணையாவது கேளேன்."

அவனே குனிந்து கட்டைத் தூக்கப் பார்த்தான். நகரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பழகிய கை. கட்டு முழங்கால்வரை வந்து நின்றது. டார்லா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். அப்புறம் மறுமுனையைப் பிடித்து ஏற்றிக் கட்டினாள். மரஅறுவை ஆலையில் ஈரப்பலகை இழுக்கிற கைக்கு அது ஒரு பாரமில்லை.

காட்டுவண்டிக்குப் பின்னால் விறகு இழுக்கும் சின்ன இழுவைவண்டி. அதில் பைன்மரப் பெட்டி. பெட்டிக்குள் அவர்கள் அப்பா ஆர்விட் கெஸ்கினன். இழுவையின் மூலையில் மரப்பட்டைத் துணுக்குகள் அப்படியே கிடந்தன. க்ளென் கூட்டட்டுமா என்றதற்கு டார்லா வேண்டாம் என்றுவிட்டாள்.

ஆர்விட்டுக்குக் கார் ஓட்டும் உரிமம் இல்லை. குடித்துவிட்டு ஓட்டிப் பள்ளத்தில் இறங்கி, மறுபடி இறங்கி, மூன்றாம் முறை பாதிரியாரின் வேலியை உடைத்தபோது பிடுங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் குடியை விட்டார். உரிமத்தைத் திருப்பிக் கேட்கவே இல்லை. "நான் குடிக்கிறதில்லன்னு எனக்குத் தெரியும். எவனோ நீட்டுற குழாயில நான் எதுக்கு ஊதிக் காட்டணும்?" என்று கேட்டார். கொழுத்த நான்கு சக்கரமும் மோட்டார் சைக்கிள் கைப்பிடியும் உள்ள இந்தக் காட்டுவண்டிக்கு உரிமம் வேண்டாம். ஆனால் காட்டுக்குள்தான் ஓட்டலாம். சாலையில் ஏறினால் தப்பு.

பிறகு ஊர் மன்றம் விதியை மாற்றியது. இன்னின்ன சாலைகளில் காட்டுவண்டி போகலாம். பகலானாலும் முன்விளக்கு எரிய வேண்டும். மெதுவாகப் போக வேண்டும். வண்டிப் படம் போட்ட பச்சைப் பலகைகள் சாலைக்குச் சாலை முளைத்தன. எல்லாச் சாலைக்கும் வந்தன, ஹெரான் ஆற்றுப் பாலத்துக்கும் அதையொட்டிய ஏரிக்கரைத் துண்டுக்கும் தவிர. அங்கே கோடைக்கு மட்டும் வந்து தங்கும் கோடைக்காரர்களின் வீடுகள். சத்தம் ஆகாது என்றார்கள். சர்ச்சும் கல்லறையும் பாலத்துக்கு அந்தப் பக்கம். கல்லறையில் ஆர்விட்டின் மனைவி. இன்னொரு பாலம் வேண்டுமென்றால் அடுத்த ஊரைச் சுற்றிவர வேண்டும்.

ஆர்விட் மன்றத்தில் எழுந்து நின்றார். "இந்தப் பாலத்து மேல நான் இழுத்த மரந்தான் உங்க ஏரிவீட்டுச் சுவரா நிக்குது. அது போறப்போ சத்தம் கேக்கலையா?"

மூன்று பேர் கொண்ட மன்றம். ஒரு கை ஆதரவு, ஒரு கை எதிர்ப்பு. மூன்றாவது கை தலைவர் நார்பர்ட்டுடையது. இருபது வருஷம் ஆர்விட்டோடு ஒரே காட்டில் ரம்பம் பிடித்தவர்; அவர் வெட்டிய மரம் எந்தப் பக்கம் சாயும் என்று ஆர்விட்டும், ஆர்விட் வெட்டியது எந்தப் பக்கம் சாயும் என்று அவரும் பார்த்துச் சொல்லித்தான் இரண்டு பேரும் உயிரோடு வீடு வந்தார்கள். நார்பர்ட் எதிராகக் கை தூக்கினார்.

மறுநாள் காலையில் ஆர்விட்டின் வாசலில் ஒரு வைக்கோல் கட்டை இறக்கி வைத்துவிட்டுப் போனார். பண்ணை வேலைக்குப் போகும் வண்டியை எந்தச் சாலையிலும் தடுக்கக் கூடாது என்று விதியில் ஒரு வரி இருந்தது.

ஆர்விட்டுக்குப் பண்ணை கிடையாது, ஒரு கோழி கூடக் கிடையாது. கட்டை ஏற்றிக் கட்டினார். அன்றிலிருந்து ஏழு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் அதே கட்டோடு பாலம் தாண்டிப் போய் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தார். நார்பர்ட் வீட்டு வாசலில் மட்டும் வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பார், தலையைத் திருப்பமாட்டார். ஒவ்வொரு வருஷமும் மன்றத்தில் எழுந்து அதே கேள்வியைக் கேட்பார். ஒவ்வொரு வருஷமும் அதே மூன்று கை. அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு அதோடு சரி.

டார்லா சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உடனே பிடித்தது.

முந்தாநாளும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேலை முடிந்து அவள் வந்தபோது ஸ்ப்ரூஸ் மரத்தடியில் அப்பா வண்டியில் உட்கார்ந்திருந்தார், கைப்பிடியின் மேல் லேசாகச் சாய்ந்து. முன்விளக்கு விறகுக் கொட்டகையின் கதவில் விழுந்திருந்தது. எண்ணெயை வீணாக்குகிறாரே என்று நினைத்துத்தான் கிட்டே போனாள். முதலில் சாவியை அணைத்தாள். பிறகுதான் "அப்பா" என்று கூப்பிட்டாள்.

ஊர்வலம் நடை வேகத்தில் போனது. முன்னால் காட்டுவண்டி, பின்னால் பெட்டி. பெட்டியின் மேல் ஒரு கை வைத்தபடி க்ளென் நடந்தான். அதற்குப் பின் பிக்கப் வண்டிகள், ஆரஞ்சு தொப்பிகள், கடைசியில் காலியான கறுப்பு வண்டி. நார்பர்ட்டும் வந்திருந்தார். தன் பழைய சிவப்புக் காட்டுவண்டியில், யாரோடும் ஒட்டாமல், சாலையின் ஓரத்தை உரசிக்கொண்டு வந்தார்.

பாலத்தின் முனையில் வெள்ளைப் பலகை. காட்டுவண்டிப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. அதனடியில் ட்ராவிஸ் நின்றான். போலீஸ்காரன்தான் என்றாலும் டார்லாவின் சமையலைத் தின்று வளர்ந்த பக்கத்து வீட்டுப் பையன். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். பின்தட்டைப் பார்த்தான். முகம் தெளிந்தது.

"கட்டு இருக்குல்ல, போங்கக்கா," என்று கையை வீசினான். "பண்ணை வேலைதானே."

நல்ல மனதோடுதான் சொன்னான். டார்லா வண்டியைப் பாதி அடி நகர்த்தினாள். நிறுத்தினாள். இறங்கினாள்.

"அக்கா, வேணாம்," என்றான் க்ளென்.

அவள் பின்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்தாள். குளிரில் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். கட்டைத் தோளால் முட்டித் தள்ளினாள். அது பலகையின் காலடியில் போய் உட்கார்ந்தது.

"ஐயோ, ஏங்க்கா அத எறக்குறீங்க?" ட்ராவிஸ் ஓடிவந்தான். "நான்தான் கண்ண மூடிக்கிட்டேன்ல?"

"கண்ணத் தொற. நல்லாத் தொறந்து பாரு. பெட்டிக்குள்ள இருக்கறது தீவனமா?"

"நான் அப்படிச் சொல்லலக்கா..."

"ஏழு வருசம் ஊரே அப்படித்தான் சொல்லுச்சு. பொண்டாட்டி கல்லறைக்குப் போறவன் மாட்டுக்குப் புல்லு கொண்டு போறேன்னு வேசம் போடணும். அவரு போட்டாரு, வேற வழியில்லாம. இன்னைக்கு அவருக்கு அந்த வேசம் தேவையில்ல. எழுது."

"என்னத்த எழுத?"

"தடை பண்ணுன சாலையில காட்டுவண்டி ஓட்டுனாருன்னு எழுது. வண்டி அவரு பேர்ல இருக்கு. ஆர்விட் கெஸ்கினன்."

"செத்தவங்க மேல எப்படிக்கா எழுதறது?"

"அப்ப எம்பேர்ல எழுது. தெளிவா எழுது, கோழி கிறுக்குன மாதிரி எழுதாத."

பின்னால் யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்கள். சிவப்பு வண்டி முன்னால் வந்து நின்றது. நார்பர்ட் ஒவ்வொரு காலாகக் கீழே எடுத்து வைத்தார். முழங்கால் இரண்டும் காட்டிலேயே தேய்ந்துபோனவை.

"டார்லா, கொஞ்சம் கேளு புள்ள. சுதந்திர தினத்துக்கு ஊர்வலம் விடுறோம்ல, அந்த மாதிரி ஒரு நாள் அனுமதி குடுக்க தலைவருக்கு அதிகாரம் இருக்கு. நான் வாயால சொன்னாலே போதும். ட்ராவிஸும் சாட்சி. குடுத்துட்டேன்னு வச்சுக்க. மரியாதையாப் போவோம்."

சின்ன வயதில் அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவர் தோளில் உட்கார்ந்து மரம் சாய்வதைப் பார்த்தவள்.

"சேர்மன்," என்றாள். "உயிரோட இருந்தப்ப அவரு நின்னு கேட்டாரு. நீங்க உக்காந்துக்கிட்டு இல்லன்னீங்க. இப்ப ஒரு நாள் குடுக்கிறீங்க. அவரு வாங்கிக்குவாரான்னு நீங்களே கேளுங்க. பெட்டி அங்கதான் இருக்கு."

நார்பர்ட் பெட்டியைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த கட்டைப் பார்த்தார்.

"கோர்ட்டுக்குப் போவோம்னு ஏரிவீட்டுக்காரங்க மிரட்டுனாங்க புள்ள. ஊர் கஜானால என்ன இருக்கு? பனி தள்ளவே பத்தல."

"தெரியும். அவருக்கும் தெரியும். அதுக்காக நீங்க கை தூக்குனத அவரு மன்னிச்சிருப்பாரு. இந்தக் கட்டக் கொண்டாந்து வச்சீங்க பாருங்க, அதத்தான் கடைசி வரைக்கும் முதுகுக்குப் பின்னால கட்டிச் சுமந்தாரு."

நார்பர்ட் தன் வண்டிக்குத் திரும்பி நடந்தார்.

டார்லா ஏறி உட்கார்ந்தாள். முன்விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு பாலத்தில் ஏறினாள்.

பலகைகள் சக்கரத்தின் கீழே தடதடத்தன. ஏரிக்கரை வீடுகள் வரிசையாகத் தெரிந்தன. ஜன்னல்களுக்கு மரத்தட்டி அடித்து, படகுகளைக் கவிழ்த்துப் போட்டு, கோடைக்காரர்கள் செப்டம்பரிலேயே ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு புகைபோக்கியிலும் புகை இல்லை. இந்தச் சத்தம் உறுத்த அங்கே ஒரு காதும் இல்லை. டார்லா கைப்பிடியின் வேக முறுக்கியைத் தேவைக்கு மேல் கொஞ்சம் திருகினாள். சத்தம் தண்ணீரில் பட்டு, மூடிய ஜன்னல்களில் பட்டுத் திரும்பி வந்தது.

பாதிப் பாலத்தில் இன்னொரு இன்ஜின் சத்தம் கேட்டது. புகைக்குழாய் ஓட்டையான வண்டி. வயிறு கெட்ட கரடியைப் போல உறுமிக்கொண்டு வந்தது.

"அக்கா," பெட்டியைப் பிடித்தபடி நடந்த க்ளென் ஓட்டமாக அவளருகே வந்தான். "சேர்மன் வண்டியோட பாலத்துல ஏறிட்டாரு. ட்ராவிஸ் கைய நீட்டுறான். 'பேனாவ மூடாதடா, அடுத்தது எம்பேரு'ன்னு சொல்லிட்டு வர்றாரு."

"நேராப் பாத்து நட. பெட்டிய விட்டுட்டு வந்துட்ட பாரு."

அவள் திரும்பவில்லை. கைப்பிடிக் கண்ணாடியில் மட்டும் ஒரு மங்கிய விளக்கு ஆடி ஆடி வந்தது.

சர்ச் வாசலில் இரண்டு வண்டியும் நின்றன. ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். ஐந்து பேர்தான் முதலில். நார்பர்ட் வந்து ஆறாவது ஆளாகப் பிடித்தார். டார்லா அவருக்கு எதிர்ப்பக்கம் பிடித்திருந்தாள். அவருடைய முழங்கால் மடங்கியபோது பெட்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. அவள் தன் பக்கத்தைத் தாழ்த்திச் சமன்செய்துகொண்டாள்.

குழிக்கருகில் பாதிரியார் புத்தகத்தை விரித்தார். வாசலில் ஆர்விட்டின் வண்டி இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நார்பர்ட் தன்னுடையதை அணைத்துவிட்டு வந்திருந்தார். பாதிரியார் அந்தப் பக்கம் பார்த்தார். க்ளென் புரிந்துகொண்டு நகர்ந்தான்.

"எங்க போற?" என்றாள் டார்லா.

"வண்டிய அணைக்க. மறந்துட்ட."

"மறக்கல. விடு."

பாதிரியார் இருமினார். "கொஞ்சம் சத்தமா இருக்கே, டார்லா."

"நீங்களும் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

அவர் சத்தமாகப் படித்தார்.

மண் தள்ளி முடிந்ததும் எல்லோரும் சர்ச்சின் நிலவறைக் கூடத்துக்கு இறங்கினார்கள். நீள மேசைகளில் பன்றி இறைச்சித் துண்டுகளும், பாலாடைக்கட்டி போட்டு அவித்த உருளைக்கிழங்கும், ரொட்டியும், காப்பிக் குடுவைகளும் இருந்தன. ஆரஞ்சு தொப்பிகள் வரிசையாக ஆணியில் தொங்கின. சுவரின் உச்சியில், வெளித்தரை மட்டத்தில், சின்ன ஜன்னல். அதன் வழியே காட்டுவண்டியின் இரண்டு சக்கரங்களும், விளக்கின் வெளிச்சம் விழுந்த கொஞ்சம் பனியும் தெரிந்தன. சக்கரத்தின் பள்ளங்களில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

ட்ராவிஸ் தலையைக் குனிந்தபடி வந்து இரண்டு காகிதங்களை நீட்டினான். ஒன்றை டார்லா வாங்கி மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். "தட்ட எடுத்துட்டு வந்து உக்காரு. எலும்புந்தோலுமா இருக்க," என்றாள். இன்னொன்றை நார்பர்ட் வாங்கினார். டார்லாவுக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவள் போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. அவரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டார்லா," என்றார். "எண்ணெய் தீந்துரும்."

"தீரட்டும்."

கூடத்தில் பேச்சு மெல்லச் சூடுபிடித்தது. யார் காட்டில் எத்தனை கொம்பு மான் விழுந்தது, ஆலையில் இரண்டாம் ஷிப்ட் நிற்கப்போகிறதா என்றெல்லாம் பேசினார்கள். டார்லா ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவத் தொடங்கினாள். தலைக்கு மேலே இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அது ஒரு தடவை திக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. மறுபடி திக்கியது.

நின்றது.

முட்கரண்டிகள் அசையவில்லை. நார்பர்ட் காப்பிக் குடுவையைத் தூக்கி, அவள் கோப்பையில் விளிம்புவரை ஊற்றினார். கொஞ்சம் மேசையில் சிந்தியது.

டார்லா கோப்பையை நகர்த்தவில்லை. ரொட்டியின் நான்கு ஓரமும் விடாமல் வெண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தாள்.