பதிவுகளைத் தரமாட்டேன்

மானிடவியலில் முனைவர் பட்டத்துக்காக அவள் எடுத்துக்கொண்ட களம் ஒரு பெரிய மருத்துவமனை. மூன்று வருடங்கள் அங்கே வார்டு ஆயாக்களோடு திரிந்தாள். முதலில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் கை போதாத நேரத்தில், கேட்காமலே ஒரு கிழவரைப் புரட்டிப் பிடித்து விரிப்பு மாற்ற உதவினாள். அதன்பிறகு 'கேள்விக்காரி' என்று பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். மாமியார் சண்டையிலிருந்து மேட்ரனின் சிடுசிடுப்பு வரை எல்லாம் அவளுடைய ஒலிப்பதிவில் ஏறியது. வெளியில் யார் காதுக்கும் போகாது என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஆயாக்கள் இனி ஆளுக்கு இரண்டு வார்டு பார்க்கவேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. மறுநாள் காலை ஒரு ஆயாவும் வேலையைத் தொடவில்லை. மதியத்துக்குள் உத்தரவு வாபஸ் ஆனது. ஆனால் தூண்டிவிட்டது யாரென்று துருவ ஆரம்பித்தார்கள். மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் ஒரே அறக்கட்டளைக்குச் சொந்தம். அவளிடம் ஒலிப்பதிவுகள் இருப்பது தெரிந்ததும், விசாரணை சுற்றி வளைத்து அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரிடம் வந்து நின்றது.

அவர் கெட்டவர் இல்லை. அவளுடைய முதல் அத்தியாயத்தை வரிவரியாகத் திருத்தித் தந்தவர். அன்று அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"பதிவுகளைக் குடுத்துடும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"குரலை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சிடுவாங்க சார்."

"அது உன் கவலை இல்ல."

"எனக்கு இப்ப அது ஒண்ணுதான் சார் கவலை."

தராவிட்டால் அவளுடைய முனைவர் பட்டப் பதிவு ரத்தாகும் என்றார். அவள் மடிக்கணினியை அவர் மேசைமேலேயே திறந்து, எல்லாக் கோப்புகளையும் அழித்தாள். நகல் வைத்திருந்த இடங்களிலும் அழித்தாள். இனி தன்னிடம் கேட்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்சிட்டு வந்திருக்கியே" என்றாள். பட்டப் பதிவு ரத்தானது. மருத்துவமனைக்குள் நுழையவும் தடை வந்தது.

எதிரிலிருந்த டீக்கடையில், ஷிப்ட் முடியும் நேரம் காத்திருந்து ஆயாக்களிடம் விஷயத்தைச் சொன்னாள். மெச்சுவார்கள் என்று உள்ளூர ஒரு நினைப்பு இருந்தது. ஆயாக்களில் மூத்தவரான பெரியக்காவுக்குக் கோபம்தான் வந்தது.

"பேசினது நாங்க. எங்களை ஒரு வார்த்தை கேக்காம எப்படி அழிச்சே?"

அவர்களைக் காப்பாற்றியதாக நினைத்திருந்தாளே தவிர, அவர்களைக் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்டாள். பெரியக்கா டீயை ஆற்றிக் குடித்து முடித்தார்.

"சரி, மூஞ்சியைத் தூக்கி வச்சிக்காதே. முதல்லேருந்து சொல்றோம். இந்தத் தடவை பயப்படாம சொல்றோம்."

சொன்னார்கள். டீக்கடையிலும் பேருந்திலும் அவரவர் வீட்டுச் சமையலறையிலுமாக, முன்பு அவளிடம் மறைத்ததையும் சேர்த்துச் சொன்னார்கள். வேறொரு பல்கலைக்கழகத்தில், பல பேர் கைவிரித்தபின், ஒரு பேராசிரியை அவளை ஏற்றுக்கொண்டார். பதிவுகளை அழித்ததையும் பெரியக்காவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதையும் ஓர் அத்தியாயமாக எழுதினாள்.

வாய்மொழித் தேர்வில் மூத்த தேர்வாளர் அந்த அத்தியாயத்தில் விரலை வைத்தார். இது ஆராய்ச்சி இல்லை, சொந்தக் கதை. எடுத்துவிட்டால் இன்றே கையெழுத்துப் போடலாம் என்றார்.

"என் ஆராய்ச்சியே அங்கதான் ஆரம்பிக்குது சார். அதை எடுத்துட்டுத்தான் பட்டம்னா, எனக்குப் பட்டம் வேண்டாம்."

வெளியே உட்காரச் சொன்னார்கள். உள்ளே குரல்கள் உயர்ந்தன, தணிந்தன. மறுபடி கூப்பிட்டபோது பேராசிரியையின் முகமே சொல்லிவிட்டது. அத்தியாயம் தப்பியது, பட்டமும் கிடைத்தது. மூத்தவர் தன் ஆட்சேபத்தை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஆயாக்களிடம் சொல்ல அவள் நேராகப் பேருந்து பிடித்து மருத்துவமனை வாசலுக்குப் போனாள். ஷிப்ட் முடிய இன்னும் நேரமிருந்தது. இங்கே நிற்கக் கூடாது என்று காவலாளி சொன்னார். தெரியும் என்று சொல்லிவிட்டு, நின்றாள்.