ஏணிக்குப் போட்ட பூட்டு

நானேதான் அவனுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். என் கூரையை உடைத்ததற்கு, என் கையாலேயே, வாழைப்பழம் பிசைந்து, அக்ரூட் போட்டு.

குளியலறைக்குள் அண்ணாந்து நின்றபடி ஆர்டிஸ் லுண்டீன் இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே கூரை ஜன்னல். ஜன்னல் என்று பேரே தவிர அது திறக்காது. வீட்டு வண்டியின் கூரையில் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் கிண்ணம், அவ்வளவுதான். அதன் ஓரத்தில் ஒரு திருகிலிருந்து அடுத்த திருகுக்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் விரிசல் ஓடியிருந்தது. நாளைக்கு மழை என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். இந்தப் பாலைவனத்தில் ஜனவரி மழை அபூர்வம். வந்தால் ஒரேயடியாக வரும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அங்கே ஒரு சின்னக் கசிவுதான் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு டெல்பர்ட் கோனின் வண்டி நிழலில் வீட்டு வண்டிகளில் குளிர்காலம் கழிக்க வந்த முகாம்காரர்கள் எல்லோரும் நாற்காலி போட்டுக் காப்பி குடிக்கும்போது அதை வாய்தவறிச் சொன்னாள். மறுநாளே அவன் மின்சாரத் திருப்புளியோடு வந்து நின்றான்.

"நீ கீழயே நில்லு கண்ணு. ஏணியப் பிடிச்சுக்கோ, அது போதும்."

பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருட வண்டி வாழ்க்கையில் அவள் ஏணியின் கீழே நின்றது அதுதான் முதல் தடவை. மேலே திருப்புளி இரைந்தது. ஒவ்வொரு திருகும் முடியும் இடத்தில் பிளாஸ்டிக் கிறீச்சிட்டது. அது அவளுக்குக் காதில் விழவில்லை, பல்லில் விழுந்தது.

"டெல்பர்ட், போதும். கையால முடுக்கினா..."

"நாப்பது வருஷம் தானியக் கிடங்கு நடத்தினவன் நான். எனக்குத் திருகு மாட்டத் தெரியாதா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். இந்த வெயிலில் பிளாஸ்டிக் பகலில் விரியும், இரவில் சுருங்கும். திருகு பிடித்ததும் கால் சுற்று பின்னால் தளர்த்திவிட வேண்டும். இது தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டாள். அதற்கு மேல் அவன் குளியல் தொட்டிக்குப் பூசுகிற சிலிக்கானை வேறு அப்பிவிட்டுப் போனான். ரப்பர் கூரையில் அது ஒட்டவே ஒட்டாது. முகாமில் உதவிக்குக் கூலி கிடையாது. உதவி வாங்கியவர் மறுநாள் ஏதாவது சுட்டுக் கொண்டுபோய், காப்பி வட்டத்தில் எல்லோர் முன்னாலும் நன்றி சொல்ல வேண்டும். இரண்டையும் செய்தாள். டெல்பர்ட் மீசையில் துணுக்கு ஒட்ட, "அடுத்த தடவ அக்ரூட் இன்னும் கொஞ்சம் போடு" என்றான்.

ஆர்டிஸ் மேஜையிலிருந்து புதுக் கிண்ணத்தை எடுத்தாள். நேற்று வீட்டு வண்டியை இங்கேயே விட்டுவிட்டு, காரில் முப்பது மைல் ஓட்டிப் போய் வாங்கி வந்தது. கூடவே பிசின் நாடாச் சுருள், ரப்பர் கூரைக்கான பசை இரண்டு குழாய், சுரண்டுகிற தகடு, கைத் திருப்புளி. எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனாள்.

ஏணியைக் காணோம். அதாவது ஏணி இருந்தது. கீழ்ப் படியிலிருந்து அவள் தலை உயரம் வரை படிகளை மறைத்து ஒரு தகரப் பலகை. இரண்டு இரும்புப் பட்டைகளால் இறுக்கி, நடுவில் பித்தளைப் பூட்டு. வண்டியை விட்டு ஊருக்குப் போகிறவர்கள் திருடன் ஏறாமலிருக்க மாட்டுகிற பலகை. நேற்று வந்து சேரும்போதே இருட்டிவிட்டது, பின்பக்கம் வரவில்லை.

பக்கத்து வண்டி நீவா கையில் காப்பிக் கோப்பையோடு வந்தாள். ஓக்லஹோமாக்காரி, மூன்று குளிர்காலமாக அண்டை.

"ஆர்டிஸ், நீ கத்தக் கூடாது."

"நான் எங்கடி கத்தறேன்? இது என்ன?"

"டெல்பர்ட் போட்டான். நேத்து நீ டவுனுக்குப் போயிருந்தப்ப. உன் பையன் போடச் சொன்னானாம்."

"கர்ட்டிஸா? டெல்பர்ட்டுக்கு அவன் நம்பர் ஏது?"

நீவா கோப்பைக்குள் பார்த்தாள். "நாம எல்லாரும் எழுதிக் கொடுத்தோமே, அந்த நோட்டு."

டெல்பர்ட்டின் வண்டியில் ஒரு நோட்டு உண்டு. காலையில் யாருடைய ஜன்னல் திரையாவது விலகவில்லையென்றால், தட்டியும் பதில் இல்லையென்றால், யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொருவரும் எழுதி வைத்த நோட்டு. அதில் ஆர்டிஸ் மகனுடைய எண்ணை எழுதியிருந்தாள். தன் சாவை ஒருவர் கையில் கொடுத்து வைப்பது போலிருந்தது. அதைத்தான் டெல்பர்ட் திறந்திருக்கிறான்.

"நான் செத்துட்டேனா நீவா?"

"இன்னும் இல்ல. உன் மூஞ்சியப் பாத்தா வேற யாரோ சாகப் போற மாதிரி இருக்கு."

"என்ன சொன்னான் கர்ட்டிஸ்கிட்ட?"

"நீ கூரைல ஏறி ஜன்னல மிதிச்சுட்டியாம். அதான் உடைஞ்சதாம். தனியா இருக்கறதுல உனக்கு முன்ன மாதிரி நிதானம் இல்லையாம்." நீவா குரலைத் தாழ்த்தினாள். "டுலூத்ல உனக்கு அறை தயாரா இருக்காம். ஏப்ரல்ல வண்டிய வித்துடலாம்னு பேசிக்கிட்டாங்க. எனக்கே காலைலதான் தெரியும்டி, சத்தியமா."

பேசிக்கிட்டாங்க. ஆர்டிஸுக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, ஒரு வெட்கம். டுலூத்தில் மகனுடைய வீட்டு நிலவறையில் அந்த அறை இருக்கிறது. ஜன்னல் புல் மட்டத்தில். அதில் தெரிவது புல் வெட்டுகிற இயந்திரத்தின் சக்கரம். இந்த வண்டி, தன் ஒரே வீடு, தான் இல்லாத ஒரு பேச்சில் கைமாறிவிட்டது.

திரும்பவும் வண்டிக்குள் போய் ஸ்பானரை எடுத்து வந்தாள். டெல்பர்ட் பூட்டை மட்டும் பார்த்தவன். பட்டைகளைப் பிணைத்த நான்கு மரைகள் வெளிப்பக்கம் இருந்தன. ஐந்து நிமிடத்தில் பலகை கழன்று வந்தது. பூட்டோடு அப்படியே வண்டியின் மேல் சாய்த்து வைத்தாள். ஏறினாள்.

முழங்கால் வலித்தது. வலித்தால் என்ன? எழுபத்தொரு வயது முழங்கால், வலிக்கத்தான் செய்யும். கூரையைத் தாங்கும் நெடுக்குச் சட்டங்கள் எங்கே ஓடுகின்றன என்று காலுக்குத் தெரியும். அவற்றின் மேலேயே ஊர்ந்து கூரை ஜன்னலுக்குப் போனாள். சிலிக்கான் ஒரு பக்கம் பிடித்திழுத்ததும் நாடா போல உரிந்து வந்தது. இதற்குத்தான் ரொட்டி.

உடைந்த கிண்ணத்தைக் கழற்றி, பழைய பிசினைச் சுரண்டியபோது கீழே பென்சில் எழுத்து தெரிந்தது. ஒன்றிலிருந்து இருபத்திநான்கு வரை, ஒவ்வொரு திருகு ஓட்டைக்குப் பக்கத்திலும் எண். ஏழின் குறுக்கே கோடு. அவள் ஏழு எழுதுவதே அப்படித்தான். பழைய கிண்ணத்தை மாட்டும்போது, பதினோரு வருடத்துக்கு முன் டெக்ஸாஸில் ஒரு விடியற்காலையில் போட்டது.

அவள் கணவன் ஓரின் ஆறடி மூன்றங்குலம். குளிக்கும்போது அவனுடைய தலை இந்தக் கிண்ணத்துக்குள்தான் இருக்கும். அவ்வளவு உயரமானவனுக்கு உயரம் ஆகாது. மூன்றாவது படியிலேயே வியர்த்துவிடும். அதனால் எந்த முகாமிலும் மற்றவர்கள் எழுவதற்கு முன்பே அவள் ஏறிவிடுவாள். அவன் ஏணியைப் பிடித்துக்கொள்வான். ஒன்பது மணிக் காப்பியில், "கூரையப் பாத்தாச்சு" என்பான். யார் பார்த்தது என்று சொல்ல மாட்டான். பொய் இல்லை. அவள் சிரித்துக்கொண்டு சர்க்கரையை நகர்த்துவாள். அதை அன்பு என்றுதான் நினைத்திருந்தாள். அன்புதான். ஆனால் அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்று அவன் போய் மூன்று வருடம் கழித்து இந்தக் கூரையில் மண்டியிட்டிருக்கும்போது தெரிந்தது. மறைக்கத் தெரிந்தவள் என்கிற கர்வம். அதற்கான விலை இப்போது கீழே நடந்து வந்துகொண்டிருந்தது.

"ஏய் ஆர்டிஸ்! எப்படி ஏறின? சாவி எங்கிட்ட இருக்கே!"

"பூட்டு பத்திரமா இருக்கு டெல்பர்ட்," என்றாள் நீவா. "வேணும்னா எடுத்துட்டுப் போய் உன் வாய்க்குப் போட்டுக்கோ."

காப்பி வட்டத்திலிருந்து இன்னும் மூன்று பேர் கோப்பைகளோடு பின்னாலேயே வந்திருந்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

"கண்ணு, இறங்கு. விழுந்து வெச்சா நாங்கதான் பதில் சொல்லணும்."

"நான் எத மிதிச்சேன் டெல்பர்ட்?" ஆர்டிஸ் எட்டிப் பார்க்காமலே கேட்டாள். "சொல்லுங்க. எல்லாரும் இருக்காங்க."

"அது... ஏதோ ஒண்ணு. வெயில்ல தானா உடைஞ்சிருக்கும். அத இப்ப எதுக்கு?"

"மிதிச்சேன்னு சொல்லியிருக்கீங்க."

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். இந்தா, உன் பையன் லைன்ல இருக்கான். அவன்கிட்டயே பேசு." போனை ஸ்பீக்கரில் போட்டு, கூரையை நோக்கித் தூக்கிப் பிடித்தான்.

"அம்மா?" கர்ட்டிஸின் குரல் தகரம் மாதிரி ஒலித்தது. "மேலயா இருக்க? அய்யோ, ஏம்மா இப்படிப் பண்ற? டெல்பர்ட் முடிச்சுக் கொடுக்கறேன்னு சொல்றார்ல?"

"அவர் முடிச்சுக் கொடுத்ததத்தான் இப்ப கழட்டிட்டு இருக்கேன்."

"சண்டைக்கு வராத. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இனிமே கூரைக்கு ஏற மாட்டேன்னு சத்தியம் பண்ணு. மத்ததெல்லாம் ஏப்ரல்ல பேசிக்கலாம். அப்பா இருந்த வரைக்கும் வேற விஷயம்மா. கூரை எல்லாத்தையும் அவர் பாத்துக்கிட்டார்."

கீழே நின்ற மூன்று பேரும் தலையாட்டியது மேலிருந்தே தெரிந்தது. ஒரு வாக்கியம் போதும். உன் அப்பா மூன்றாவது படியைத் தாண்டியதில்லை. நாக்கின் நுனியில் இருந்தது. சொன்னால் இவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு நிமிடம் வாயைப் பிளப்பார்கள். பிறகு நாளை ஒன்பது மணிக்கு ஓரினைப் பற்றிச் சிரிப்பார்கள், அவளைப் பற்றி அப்போதும் எதுவும் தெரிந்துகொள்ள மாட்டார்கள். தான் ஏறுவதற்கு, ஒரு ஆண் ஏற முடியாமல் கீழே நின்றது ஏன் காரணமாக இருக்க வேண்டும்?

அந்த வாக்கியத்தை விழுங்கினாள். இந்த முறை அது ஓரினுக்காக அல்ல.

பிசின் நாடாவைச் சுற்றிலும் ஒட்டி, புதுக் கிண்ணத்தை வைத்து அமர்த்தினாள். ஒன்று என்று எழுதியிருந்த ஓட்டையில் திருகை நிறுத்திக் கையால் முடுக்கினாள். பிடித்தது. கால் சுற்று பின்னால் விட்டாள். கிறீச்சென்ற சத்தமே இல்லை.

"அம்மா, கேக்குதா? சத்தியம் பண்ணுமா."

"கேக்குது கர்ட்டிஸ்," என்றாள் ஆர்டிஸ், இரண்டாவது திருகைத் தேடியபடி. "சத்தியம் பண்ண மாட்டேன்."