நீவி விட்ட இடம்

அக்கா, உன் தம்பி வத்தல் பேசுறேன். இருபத்திநாலு வயசாகியும் வீட்டுல எனக்கு இதுதான் பேரு. இருக்கிறது நான் வேலை பாக்குற லாண்டரி கம்பெனிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி, மூணாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். கையில ஊசி குத்தி வெச்சிருக்காங்க, அதான் டைப் பண்ணாம பேசுறேன், போனே அதை எழுத்தா மாத்தி அனுப்பிடும். அக்கா, என் மெசேஜ் வந்தா அம்மாவுக்குச் சத்தமா படிச்சுக் காட்டுவியே, இதை மட்டும் அப்படிப் படிக்காதே. உள் ரூமுக்குப் போயிடு.

இடது விலாவுக்குக் கீழ வலிக்குதுன்னு சொன்னேன்ல? ஈர பெட்ஷீட் மூட்டையை இடது இடுப்புல முட்டுக் கொடுத்துத்தான் நாங்க மெஷின்ல இருந்து தூக்குவோம். எல்லாருக்கும் அந்தப் பக்கம் வலிக்கும். அம்மா போன்ல, "சுளுக்குடா கண்ணு. நல்லா அழுத்தி நீவி விடச் சொல்லு, சரியாயிடும்"னாங்க. கம்பெனி ரூம்ல என்கூடத் தங்கியிருக்கிற மீசை அண்ணன்தான் தினமும் நீவினார். "என்னடா கல்லு மாதிரி இருக்கு! மூட்டையில ஒண்ணை முழுங்கிட்டியா?"ன்னு கிண்டல் வேற. நான் கத்தினா இன்னும் அழுத்துவார். "கத்தாதடா, சுளுக்கு இளகுது."

சுளுக்கு இல்லக்கா. முந்தாநாள் மெஷின்கிட்டயே மயங்கி விழுந்தேன். ஸ்கேன்ல பாத்தா மண்ணீரல்ல கட்டி. ரத்தக்குழாய் எல்லாம் பின்னிக்கிட்டு உருண்டையாயிருக்காம். டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அவங்க பேசுறதை மீசை அண்ணன்தான் எனக்குத் தமிழ்ல சொல்வார். கேன்சர் இல்லைன்னதும் என் தலையில தட்டி, "சாதுக் கட்டிடா, உன்னை மாதிரியே!"ன்னார். டாக்டரம்மா சிரிக்கல. ரொம்ப அபூர்வமாம். குழந்தைக்கும் வருமாம், பெரியவங்களுக்கும் வருமாம். அது இருக்கிறதே தெரியாம நிறைய பேர் வாழ்ந்து முடிச்சிடுவாங்களாம். எனக்கு அது கிழிஞ்சு உள்ள ரத்தம் கசியுது.

அப்புறம் ஏதோ கேட்டாங்க. அண்ணன் தன் கையையே பாத்துக்கிட்டு நின்னார்.

"என்னண்ணே கேக்குறாங்க?"

"அந்த இடத்தை யாராச்சும் அழுத்தினாங்களான்னு கேக்குறாங்கடா."

"மூட்டை இடிச்சுதுன்னு சொல்லுங்க."

சொன்னார். டாக்டரம்மா சொன்ன மிச்சத்தையும் எனக்குச் சொல்லி முடிச்சிட்டு வெளிய போனவர், வராண்டாவுல உக்காந்திருக்கார். கூப்பிட்டா வரமாட்டேங்குறார்.

ரத்தம் உறையுறதுக்கு உடம்புல ஒரு அணு இருக்காம். அதை எல்லாம் இந்தக் கட்டியே தின்னுடுதாம். அந்த அணுவைப் பை பையா ஏத்துறாங்க, கசிவு நிக்கல. ரத்தம் உறையாம கட்டியை எடுக்குறது ஆபத்து. கட்டியை எடுக்காம ரத்தம் உறையாது. இருந்தாலும் நாளைக்குக் காலையில வயித்தைத் திறந்துதான் ஆகணுமாம். பொழைப்பேனான்னு கேட்டேன். டாக்டரம்மா என் போர்வையைச் சரி பண்ணாங்க. அதுக்குத் தமிழ் தேவைப்படல.

எனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா அம்மா முதல்ல கேக்கப்போறது, ஒழுங்கா நீவி விட்டாங்களான்னுதான். நீவவே இல்ல, நீங்க சொன்னதை அவன் கேக்கவே இல்லன்னு சொல்லிடு. திமிர் பிடிச்சவன்னு என்னைத் திட்டட்டும், பரவாயில்ல. மீசை அண்ணன் லீவுல நம்ம வீட்டுக்கு வந்தா சாப்பாடு போட்டு அனுப்பு, ஒண்ணும் கேக்காதே. நீயோ மச்சானோ, யார் இதைப் படிச்சாலும், படிச்ச உடனே அழிச்சிடுங்க.