நக்லே திட்டாத ஆட்டம்

முப்பது வருஷமாக விசில் ஊதுகிறேன். என்னைத் திட்டாத கோச் ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை. திட்டட்டும், அதற்குத்தானே நிற்கிறோம். ஆனால் வாயே திறக்காமல் நிற்கிற கோச்சை என்ன செய்வது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸாஹ்லேயில் நாலு மணிக்குக் கூடைப்பந்து ஆட்டம். பெய்ரூத்திலிருந்து மலைப் பனிமூட்டத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து வந்து சேர்ந்தேன். காருக்குள்ளேயே உட்கார்ந்து லப்னே என்கிற கெட்டித் தயிர் தடவிய ரொட்டியைத் தின்றேன். நடுவன் ஊருக்குள் போய்ச் சாப்பிட உட்கார முடியாது. கடைக்காரன் எந்த அணிக்காரன் என்று யார் கண்டது?

நடுவர் அறையில் காவலாளி ஜிர்ஜிஸ் காப்பித் தட்டோடு வந்தான்.

"வழக்கம்போல திருப்பி எடுத்துட்டுப் போகவா, உஸ்தாஸ் அனீஸ்?"

"ஆமாப்பா."

"பதினஞ்சு வருஷமா தூக்கிட்டு வரேன், தூக்கிட்டுப் போறேன். அத்தனையையும் நானே குடிச்சு, உங்க புண்ணியத்துல எனக்குத் தூக்கமே போச்சு."

என்னோடு ஆடுகளத்தில் நிற்கப்போகிற இளம் நடுவர் லமீஸ் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பியை வேண்டாம் என்றால் எங்கள் நாட்டில் முகத்தில் அடித்த மாதிரி. குடித்தாலோ, உள்ளூர் கிளப்பில் கை நனைத்தான் என்று சங்கம் இரண்டு ஆட்டத்துக்கு விலக்கி வைக்கும்.

"சார், இன்னைக்கு நக்லே வராராமே? மகன் போன பிறகு முதல் ஆட்டம்" என்றாள்.

"தெரியும்."

தெரியாமலா? நக்லேயும் நானும் பள்ளிக்கூட அணியில் ஒன்றாக ஆடினவர்கள். பிறகு அவன் இந்த ஸாஹ்லே அணிக்குக் கோச் ஆனான், நான் நடுவன் ஆனேன். ஆட்டத்தில் அவன் என்னைத் திட்டாத திட்டில்லை. முடிந்ததும் போன் வரும்: "நல்லாத்தான் ஊதினே, கழுதை." சீசன் முடிந்ததும் அவன் வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஒரு வருஷத்துச் சண்டையையெல்லாம் மறுபடி போட்டுச் சிரிப்போம். என் மனைவி பெண்ணைக் கூட்டிக்கொண்டு மான்ட்ரியல் போன பிறகு, எனக்கென்று மணி அடிக்கிற போன் அது ஒன்றுதான். போகும்போது அவள் சொன்னாள்: "நான் அழுதாலும், 'கேட்டுக்கிட்டேன், மேல ஆடலாம்'னு சொல்றே. நான் என்ன உனக்குக் கோச்சா?"

நவம்பரில் அவன் மகன் நதீம் மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் மோதி இறந்தான். இருபத்திரண்டு வயசு. துக்கம் கேட்க மூன்று நாள் மாதா கோயில் மண்டபம் திறந்திருந்தது. ஊரே போனது. நான் போகவில்லை. அடுத்த வாரம் அவன் அணியின் ஆட்டத்துக்கு என்னைப் போட்டிருந்தார்கள். சீசன் நடுவே நடுவன் கோச் வீட்டுத் துக்கத்தில் நிற்கிறான் என்று யாராவது படம் எடுத்துப் போட்டால்? யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானே என்னைத் தடுத்துக்கொண்டேன். போனில் இரண்டு வரி அனுப்பினேன். பதில் இல்லை. அந்த ஆட்டத்துக்கு அவன் வரவும் இல்லை. சீ, நானும் ஒரு மனுஷனா!

எப்படியாவது அவனிடம் இன்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

ஆட்டத்துக்கு முன் கை கொடுக்கிற வழக்கம் உண்டு. கறுப்புச் சட்டையில் நின்றான் நக்லே. கையைக் கொடுத்தான், எடுத்துக்கொண்டான். கண் என் தோளுக்கு மேலே எங்கேயோ இருந்தது.

"அபூ நதீம்" என்று கூப்பிட வாயெடுத்தேன். மகன் பேரைச் சொல்லி, நதீமின் அப்பா என்றுதானே இத்தனை வருஷமும் அவனைக் கூப்பிட்டேன்? ஆனால் களத்தில் அந்தப் பேருக்கு இடமில்லை.

"நல்லா ஆடுங்க, கோச்" என்றேன். தூ!

முதல் பாதி முழுக்க அவன் ஒரு சொல் பேசவில்லை. கூட்டம் மட்டும் குறை வைக்கவில்லை. "ஏய் அனீஸ், கண்ணை மலையிலயே விட்டுட்டு வந்தியா?" என்றான் ஒருத்தன். "விசில் கடன் வாங்கினதா?" என்றாள் ஒரு கிழவி. எதிரணி கோச் ஃபவாஸ் ஒவ்வொரு ஊதலுக்கும் துள்ளினான். அவனைச் சமாளிக்க எனக்குத் தெரியும். கேள்வி கேட்டால் பதில் சொல்லு, கத்தினால் காது கேட்காத மாதிரி நில்லு. எதிரே போய் நிற்காதே, பக்கத்தில் நில்லு. இரண்டு பேரும் களத்தைப் பார்த்தபடி பேசினால் கூட்டத்துக்கு அது சண்டையாகத் தெரியாது. தப்பு செய்திருந்தால் தப்பு என்று ஒத்துக்கொள். அதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

இரண்டாம் பாதியும் அப்படியே போனது. ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் நான் தப்பு செய்தேன். நக்லேயின் பையன் பந்தோடு ஏறும்போது விலாவில் முழங்கை விழுந்தது. நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. ஊதவில்லை. பந்து எதிரணிக்குப் போனது. அரங்கம் கொதித்தது. நக்லே கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

இருபது விநாடி பாக்கி. நக்லேயின் அணி ஒரு புள்ளி முன்னால். ஃபவாஸ் டைம் அவுட் கேட்டான். நான் நேராக நக்லேயிடம் போனேன். தோளுக்குத் தோள் நின்று, களத்தைப் பார்த்தபடி சொன்னேன்.

"கோச், நான் தப்பு பண்ணிட்டேன்."

"எதுல?"

கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

"முழங்கை... நான் பார்க்கலை."

"முழங்கையா?" அவன் திரும்பினான். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான். "அடப்பாவி! முழங்கைக்கு மன்னிப்புக் கேக்க வந்தியா? மூணு நாள் வாசலையே பாத்துட்டு இருந்தேன்டா! ஊர்ல என்னைப் பிடிக்காதவன் எல்லாம் வந்தான். நீ எங்கடா போனே? எம்புள்ளையை மண்ணுல வெச்சேன், உன் விசிலு பெருசாப் போச்சா உனக்கு? கோழை! நீ ஒரு கோழைடா!"

லமீஸ் விசிலை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். ஃபவாஸ்கூடத் துள்ளுவதை நிறுத்தினான். நடுவனை நோக்கி இப்படிக் கத்தினால் டெக்னிக்கல் ஃபவுல், எதிரணிக்கு ஓர் இலவச வீச்சு. அதில் எனக்கோ அவனுக்கோ சந்தேகமே இல்லை. விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காத்து நின்றான். நட்புக்காக நான் ஊதாமல் விட்ட ஆட்டம் ஒன்றுகூட எங்களுக்குள் கிடையாது. அதை இப்போது ஆரம்பித்தால் அவன் துக்கத்துக்கு நான் பிச்சை போட்டதாகிவிடும்.

ஊதினேன். இரண்டு கையாலும் டெக்னிக்கலுக்கான 'டி' காட்டினேன்.

நக்லே தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான். எதிரணி அந்த ஒற்றை வீச்சைப் போட்டுச் சமன் செய்தது, கடைசி விநாடியில் இன்னொரு கூடையும் போட்டது. நக்லே தோற்றான்.

அறைக்குள் வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன். கோச் பேசினதை அப்படியே எழுத ஒரு கட்டம் உண்டு. அப்படியே எழுதினேன், 'கோழை' உட்பட. வெளியே காத்திருக்கிறேன் என்று சொல்லி லமீஸ் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள். ஜிர்ஜிஸ். தட்டில் ஒரே ஒரு கோப்பை.

"கிளப்புது இல்லே, உஸ்தாஸ். நக்லேயோட சொந்த ஃபிளாஸ்குலேர்ந்து ஊத்தினது. சர்க்கரை போடலையேன்னு நான் கேட்டேன். 'எங்க வீட்ல இப்ப சர்க்கரை போடறதில்லே, குடிச்சா குடிக்கட்டும், இல்லேன்னா திருப்பிக் கொண்டுவா'ன்னாரு."

துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிற, சர்க்கரை போடாத துக்க வீட்டுக் காப்பி. போக வேண்டிய வாசலுக்கு நான் போகவில்லை. அது இங்கே வந்து நிற்கிறது.

எழுந்து நின்று வாங்கினேன். கசப்பு தொண்டை வரை பிடித்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். கோப்பையைத் தட்டில் வைத்து, துக்க வீட்டில் சொல்ல வேண்டியதை ஜிர்ஜிஸிடம் சொன்னேன்: "ஆண்டவன் அவனுக்கு இரங்கட்டும்." எத்தனையோ வருஷம் கழித்து அழுதேன். ஜிர்ஜிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், நல்ல மனுஷன்.

"அவர் எங்கே?" என்றேன்.

"வண்டியில உட்காந்துட்டு இருக்காரு. காலிக் கோப்பையைக் கொண்டுவந்து காட்டுன்னாரு. அதுக்கப்புறம்தான் கிளம்புவாராம்."

அவன் கோப்பையோடு போனான். சற்று நேரத்தில் வெளியே ஒரு கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. நான் பேனாவை எடுத்து அறிக்கையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'ஆட்டம் முடிந்தபின் உள்ளூர் கோச் அனுப்பிய காப்பியை நடுவர் அனீஸ் குடித்தார்.'