அடிக்குறிப்பை விட்டுப் படித்தவள்

வாத்தியாரின் மனைவிக்குப் புத்தகம் என்றாலே ஆகாது. எப்படி ஆகும்? கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவரைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த இடத்தைவிடப் புத்தகங்களுக்குக் கிடைத்த இடம் அதிகம். கூடத்தில் கல்வெட்டு ஆய்வுகள், படுக்கையறையில் காப்பிய ஆராய்ச்சி, சமையலறை அலமாரியில்கூடத் தாலாட்டுப் பாடல்களைப் பற்றிக் கனமாக ஒன்று. எல்லாம் சக்களத்திகள் என்பாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார். அடுத்த வாரம் இன்னொருத்தி வந்து சேர்வாள்.

இப்போது அந்த மனிதர் வாயடைத்துக் கிடந்தார். மூளையில் ரத்தக் குழாய் அடைத்ததில் வலது கையும் பேச்சும் போயின. கை மெல்ல அசையத் தொடங்கியது; பேச்சு வருகிற வழியைக் காணோம். பேச்சுப் பயிற்சி தர வந்த பெண் தண்ணீர், கதவு, பூனை என்று படம் படமாகக் காட்டிப் பார்த்தாள். வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பிடித்ததை வாசித்துக் காட்டுங்கள், கேட்பதெல்லாம் அவருக்குப் புரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

வாயைத் திறந்தால் மூடாத மனிதர். அவர் தன்னிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்று இருந்தது மனைவிக்கு. வேறு வழியில்லாமல் சக்களத்திகளிடமே போய் நின்றாள்.

நாடக மேடைகளின் வரலாறு, உப்பு வணிகம், தாலாட்டு என்று கைக்கு வந்ததையெல்லாம் வாசித்தாள். உப்பு வணிகத்தில் அவளுக்கே தூக்கம் வந்தது. தாலாட்டில் வரவில்லை, அதுதான் வேடிக்கை. அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் வாசித்தாள். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்ததை மட்டும் தொடவில்லை. அதையெல்லாம் யாராவது படிப்பார்களா என்ன?

வாத்தியாரின் இடது கை போர்வையைத் தட்டியது. தண்ணீர் கொடுத்தாள், வேண்டாம். தலையணையைச் சரிசெய்தாள், அதுவும் இல்லை. சரிதான் என்று அவள் பக்கத்தைத் திருப்பினாள். அவர் முகம் சிவந்தது, உதடு கோணியது, தொண்டைக்குள் ஏதோ உருண்டது.

"அடிக்... குறிப்பு."

தண்ணீர் என்று சொல்ல வராத வாய்க்கு இது வந்திருக்கிறது. அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"ராப்பகலா பக்கத்துலயே இருக்கேன். வாயத் தொறந்து கேக்க உங்களுக்கு இதுதான் கெடச்சுதா?"

கேட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்தப் பொடி எழுத்தை ஒன்று விடாமல் வாசித்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

அதன்பின் அவள் வேண்டுமென்றே தாண்டினாள். அவரும் விடாமல் பிடித்தார். 'மறுபடி', 'ஆண்டு தப்பு', 'முந்தின பக்கம்' என்று சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பயிற்சிப் பெண் பூனைப் படத்தைப் பைக்குள் வைத்துவிட்டாள். மனைவிக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் உள்ளே ஒரு முள் இருந்தது. வந்த சொல்லெல்லாம் புத்தகத்துக்கே போயிற்று. அவளுக்கென்று ஒன்றும் வரவில்லை.

ஒரு மத்தியானம் காப்பிய ஆராய்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக் கடை, துணி துவைப்பது என்று காலையிலிருந்து அவள் உட்காரவே இல்லை. விளையாடத் தெம்பில்லாமல் அடிக்குறிப்பையும் சேர்த்தே வாசித்துக்கொண்டு போனாள். ஒரு பாட்டின் காலத்தைப் பற்றி அறிஞர்கள் இருவர் அடித்துக்கொள்ளும் நீண்ட குறிப்பு அது. வாத்தியாருக்கு அப்படிப்பட்ட சண்டை என்றால் உயிர். பாதியில் அவள் குரல் கம்மியது.

அவர் இடது கையை நீட்டிப் பக்கத்தை மறைத்தார்.

"அது... கெடக்கட்டும்," என்றார். பிறகு மூச்சு வாங்கி, சொல் சொல்லாகத் தேடி எடுத்தார். "நீ... சாப்பிட்டியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். வாத்தியார் போர்வையைத் தள்ளிவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் போவதற்கு எழப் பார்த்தார்.