அழிப்பதற்கும் வெப்பம் உண்டு

இருபது வருடத்துக்கு முன்பு சிங்கப்பூரில் எங்கள் ஆய்வகம் கீழ்த்தளத்தில் இருந்தது. நானும் சுவாட் ஹூனும் ஒரே ஒரு அயனியை வெற்றிடத்துக்குள் பிடித்து வைத்திருந்தோம். அதில் பதிந்த ஒரு தகவலை அழித்தால் எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று அளப்பது வேலை. ஓர் அளவுக்குக் கீழே அது போகவே முடியாது என்கிறது விதி.

எங்களுக்குப் போனது. முதலில் அயனியின் நிலையைப் பார்த்து, அதற்கேற்ப அழித்தோம். வெப்பம் அந்த அளவில் பாதியாகக் குறைந்தது. ஆய்வகத்துக்குள் தின்பண்டம் கூடாது என்ற தன் சட்டத்தை மீறி, பேராசிரியர் இஸ்கந்தர் பீசாங் கோரெங் வாங்கி வந்தார்.

இதைப் பற்றிய எங்கள் கட்டுரை அச்சேற இரண்டு வாரம் இருந்தபோது ஹூன் கேட்டாள்.

"நஸ்ரி, அயனியப் பாத்துட்டு அந்த விடைய எங்க வைக்கிற?"

"கம்ப்யூட்டர் மெமரியில."

"அடுத்த சுத்துக்கு முன்னாடி?"

"அழிச்சிருவேன். ப்ரோக்ராம்ல ஒரு வரிதான்."

"அதை அழிக்கிறதுக்கான வெப்பத்த யாரு அளந்தா? உங்க மாமாவா?"

யாரும் அளக்கவில்லை. வியன்னாவில் அவளுக்குக் கிடைக்கவிருந்த வேலை இந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது.

"பேசாம இருந்துரலாமே," என்றேன்.

"நீ இரு. என்னால முடியாது."

மறுநாள் காலை பேராசிரியரிடம் போனோம். ஹூன் நீட்டிய ப்ரோக்ராம் தாளில் அந்த வரியின் கீழே அவர் கோடிட்டார்.

"அந்த வரிய எழுதுனது யாரு?"

"ரெண்டு பேருந்தான், புரொஃப்," என்றாள் ஹூன். அவள் அதைத் தொட்டதே இல்லை.

"இல்ல, நான்தான்," என்றேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். மூன்று மாதம் மறுபடி அளந்தோம். மதியம் மீ சியாம் நூடுல்ஸ், குளிர்குழாயில் வழியும் நீரைத் துடைத்தபடி அவள் பாடும் பழைய ஹொக்கியன் பாட்டு. நினைவகத்தின் வெப்பத்தையும் சேர்த்ததும் மொத்தம் விதி சொன்ன அளவுக்குச் சற்று மேலே வந்து நின்றது. சின்னப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. வியன்னா வேலை வேறொருவருக்குப் போனது.

போன வருடம் மலேசியாவின் ஈப்போவில் அவளைப் பார்த்தேன். கல்லூரியில் பாடம் நடத்துகிறாள்; அங்கேயே கேண்டீனில் உட்கார்ந்தோம்.

"வருத்தமா இல்லையா ஹூன்?"

"வியன்னாவுக்கா? இருந்துச்சு, ரெண்டு வருஷம்." கோப்பியை ஆற்றினாள். "ஆனா திரும்பப் போகணும்னா அந்த மூணு மாசத்துக்குத்தான் போவேன்."

நானும் அங்கேதான் போவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மாணவி ஒருத்தி சந்தேகம் கேட்க வந்து நின்றாள்.